கடைத்தெருவே வரலாறு



‘மதுரையின் வரலாற்றை நமக்குச் சொல்வது கோபுரமா? கடைத்தெருவா?’ இதுதான் தலைப்பு. சகோதரி கோபுரத்தின் உயரத்தைச் சொன்னார். சுதைச் சிற்பத்தின் அழகைச் சொன்னார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். “கடைத்தெருவில் என்னய்யா வரலாறு இருக்கிறது? பேரம்தானே இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நல்ல கைதட்டல் வாங்கினார். நான் அவர் கட்டியிருக்கிற சேலையைப் பார்த்தேன். அருமையான மதுரைச் சுங்குடி. அம்மா, தெரியாமல்தான் கேட்கிறேன், அதைக் கோபுரத்தில் வாங்கினீர்களா, கடைத்தெருவில் வாங்கினீர்களா? (சிரிப்பு, கைதட்டல்)

நான் கோபுரத்துக்கு எதிரி இல்லை. கோபுரம் தெரிகிற தெருவில் நடந்தால் கை தானாகக் கன்னத்துக்குப் போகிற ஆள்தான் நானும். ஆனால், மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் இருக்கிறதே, எல்லாக் கோபுரத்திலும் உயரமானது, அதைக் கட்டியது எந்த ராஜா என்று நினைக்கிறீர்கள்? ராஜா இல்லை ஐயா. 1559-ஆம் ஆண்டில் சிராமலைச் செவ்வந்தி மூர்த்திச் செட்டியார் கட்டியது. செட்டியார் என்றால் யார்? வணிகர். கடைத்தெருவில் ஈட்டிய காசுதான் கோபுரமாக எழுந்து நிற்கிறது. எதிரணியின் பெரிய சாட்சியே என் பக்கம் பேசுகிறதே, நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)

சரி, பழைய சாட்சிக்குப் போவோம். மதுரைக்கு வடக்கே அழகர்மலை. அங்கே ஒரு குகைத்தளத்தில் சமண முனிவர்களுக்காகப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். யார் கொடுத்தது என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். 2,000 ஆண்டுக்கு முற்பட்ட எழுத்து. யார் யார் பெயர் வருகிறது தெரியுமா? மதுரையைச் சேர்ந்த உப்பு வணிகன். பணித வணிகன். பணிதம் என்றால் வெல்லப்பாகு. கொழு வணிகன், அதாவது ஏருக்குக் கொழு விற்றவன், இரும்புக் கடைக்காரர். அறுவை வணிகன். அறுவை என்றால் துணி. பொன் வேலை செய்தவன். எண்ணிப் பாருங்கள். உப்பு, வெல்லம், இரும்பு, துணி, நகை. நம் வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் எழுதுகிற சாமான் பட்டியல் அப்படியே அந்தக் குகையில் இருக்கிறது! (சிரிப்பு)

பக்கத்தில் மாங்குளம். அங்குள்ள கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரும் இருக்கிறது; ‘வெள்ளறை நிகமத்தார்’ என்று வணிகர் சங்கத்தின் பெயரும் இருக்கிறது. நிகமம் என்றால் வியாபாரிகள் கூடி அமைத்த குழு. அரசனுக்கு எந்த மலையில் இடம் கிடைத்ததோ, அதே மலையில் கடைக்காரனுக்கும் இடம் கிடைத்தது.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். தமிழ் வாத்தியாரை மேடையில் ஏற்றிவிட்டு இலக்கியம் பேசாதே என்றால் முடியுமா? பத்துப்பாட்டிலே மிக நீண்ட பாட்டு மதுரைக்காஞ்சி. 782 அடி. மாங்குடி மருதனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். ‘காஞ்சி’ என்றால் என்ன? நிலையாமை. ‘அரசே, போர் போர் என்று ஓடிக்கொண்டிருக்கிறாயே, இந்த உலகத்தில் எதுவும் நிலைக்காது’ என்று ராஜாவுக்கே புத்தி சொல்கிற பாட்டு. அந்தப் பாட்டுக்குள் எதை விரிவாகக் காட்டுகிறார் புலவர்? கடைத்தெருவை.

மதுரையில் இரண்டு சந்தை இருந்ததாம். பகலில் நடப்பது நாளங்காடி. இரவில் நடப்பது அல்லங்காடி. அந்த அங்காடி எப்படிப்பட்டது? கடலைச் சொல்கிறார் புலவர். மேகம் முகந்து குடித்தாலும் கடல் வற்றுவதில்லை. ஆறுகள் வந்து விழுந்தாலும் பொங்கி வழிவதில்லை. அதுபோல, மக்கள் வாங்கிக்கொண்டு போகப் போகச் சரக்கு தீரவில்லையாம்; வெளியூர்ப் பண்டம் வந்து இறங்க இறங்க இடம் நிறையவும் இல்லையாம். தீபாவளிக்கு முந்தின நாள் விளக்குத்தூண் பக்கம் போனவர்களுக்கு இந்த உவமை புரியும். கையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளையைத் தேடியவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்! (சிரிப்பு)

யார் யார் கடை போட்டிருந்தார்கள்? சங்கை அறுத்து வளையல் கடைகிறவர், மணிக்குத் துளை போடுகிறவர், பொன் நகை செய்கிறவர், பொன்னை உரைத்துப் பார்க்கிறவர், துணி விற்கிறவர், செம்பை எடை போட்டு வாங்குகிறவர், பூவும் நறும்புகையும் விற்கிறவர். நான்கு தெருவிலும் காலோடு கால் இடிபட நின்றார்களாம். இன்னொரு காட்சி. வயதான பெண்கள், கடற்சங்கு போல வெளுத்த கூந்தலைப் பின்னால் வாரி முடிந்துகொண்டு, செப்பில் நறுமணப் பண்டங்களும் பூவும் எடுத்து வீடு வீடாகப் போய் விற்கிறார்கள். இன்றைக்கும் சாயங்காலம் மாசி வீதியில் போய் நில்லுங்கள். நரைத்த தலையும் பூக்கூடையுமாக ஒரு பாட்டி வந்து, “மல்லி வாங்கிக்கப்பா, மருமகளுக்குக் குடுத்தா மகன் வீட்ல சண்டை வராது” என்பார். (சிரிப்பு) மருதனார் பார்த்த கிழவியின் பேத்திக்குப் பேத்திதான் இந்தப் பாட்டி. இவரை எந்தக் கோபுரத்தில் செதுக்கியிருக்கிறார்கள்?

இப்போது வயிற்றுக்கு வருவோம். மதுரைக்கு வருகிற உறவுக்காரர் முதலில் கேட்பது, “சார், எங்கே சாப்பிடலாம்?” என்பதுதான். அதற்கும் மதுரைக்காஞ்சியில் பதில் இருக்கிறது. தேன்கூடு மாதிரிப் பொத்தல் பொத்தலாக மெல்லிய அடை. உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகம். பாகில் சமைத்த இனிப்புப் பண்டம். இவற்றை விற்கிறவர்களுக்குக் கூவியர் என்று பெயர். நள்ளிரவில் மற்றக் கடையெல்லாம் அடைத்த பிறகு, அந்தக் கூவியர் தங்கள் சரக்கோடு உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்களாம். எவ்வளவு நுட்பமான பார்வை! பாண்டியன் அரண்மனையில் என்ன சமைத்தார்கள் என்று பாடினால் பொற்கிழி கிடைக்கும். தெருவில் தூங்கி விழுகிற அப்பக்காரரைப் பாடினால் என்ன கிடைக்கும்? ஆனாலும் அந்தப் புலவர் பாடினார்.

அந்தப் பாண்டியன் அரண்மனை இன்றைக்கு எங்கே? ஒரு செங்கல்லைக் காட்டுங்கள் பார்ப்போம். இல்லை. ஆனால் அந்த மோதகமும் அடையும் இருக்கின்றன. இரவு பத்து மணிக்கு மேல் தெருவோரம் ஆவி பறக்கிற இட்லிக் கொப்பரையும், நாலு வகைச் சட்னியும், கல்லில் சத்தம் போடுகிற கொத்து பரோட்டாவும் இருக்கின்றன. அல்லங்காடியின் இரைச்சல், பலவகைப் பறவைகள் கூட்டுக்கு வந்து கத்துவது போல இருந்தது என்று மருதனார் சொல்கிறார். கொத்து பரோட்டாச் சத்தத்தை அவர் கேட்டிருந்தால் வேறு உவமை தேடியிருப்பார்! (சிரிப்பு) மதுரையைத் ‘தூங்கா நகரம்’ என்கிறோம். அரசாங்கம் கொடுத்த பட்டம் இல்லை அது. கடைக்காரர் கண் விழித்துச் சம்பாதித்த பட்டம்.

ஜிகர்தண்டா குடித்திருக்கிறீர்களா? விளக்குத்தூண் பக்கம் போனால் குடிக்காமல் திரும்ப முடியாது. சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். பெயரைப் பாருங்கள். ஜிகர் என்றால் ஈரல், உள்ளம். தண்டா என்றால் குளிர்ச்சி. உருதுப் பெயர், தமிழ்நாட்டு நன்னாரி, மதுரை வெயில்! அடுத்துப் பருத்திப்பால். பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, வெல்லமும் சுக்கும் தேங்காய்த் துருவலும் சேர்த்துக் காய்ச்சுவது. துணிக்குப் பெயர் போன ஊரில் பஞ்சை உடுத்தினார்கள், கொட்டையைக் குடித்தார்கள். எதையும் வீணாக்காத ஊர் ஐயா எங்கள் ஊர்!

துணி என்று சொன்னவுடன் தாய்மார்கள் நிமிர்ந்து உட்கார்கிறீர்கள். (சிரிப்பு) அதற்கும் சாட்சி வைத்திருக்கிறேன். சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை. கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கப் போகிறான். அவன் யார்? வணிகன் மகன். அதனால் கடைவீதியைக் கடைக்காரன் கண்ணால் பார்க்கிறான். மணிகளின் குணமும் குற்றமும் தெரிந்து விற்கிற வீதி. பஞ்சு நூல், மயிர், பட்டு என்று மூன்று வகையிலும் நெய்த துணிகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்த அறுவை வீதி. தராசும் அளவைப் படியும் கையுமாக ஆட்கள் திரிய, மிளகு மூட்டையும் தானியமும் குவிந்து கிடக்கிற கூல வீதி. இன்றைக்குக் கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் நடக்கிற பக்கம் போய் மூக்கைத் திறந்தால் போதும். வத்தலும் மல்லியும் பெருங்காயமுமாக இளங்கோவடிகள் வாசனை வரும்.

இதில் பொன் கடை வீதிதான் எனக்கு முக்கியம். நால்வகைப் பொன் இருந்ததாம்: சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம். வாங்க வருகிறவன் குழம்பக் கூடாது, ஏமாறக் கூடாது என்று, எந்தக் கடையில் எந்தப் பொன் என்று தெரிய மேலே கொடி கட்டியிருந்தார்களாம். இன்றைக்குத் தெற்காவணி மூல வீதியில் நகை எடுக்கப் போகிறீர்கள். நகையில் ஹால்மார்க் முத்திரை இருக்கிறதா, ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறீர்கள். 2023-இலிருந்து அந்தக் குறி இல்லாத நகையைக் கடையில் விற்கக் கூடாது என்று விதி வந்தது. அன்றைக்குக் கொடி, இன்றைக்குக் குறி. நோக்கம் ஒன்றுதான்: வாங்குகிறவன் வயிறு எரியக் கூடாது.

ஏன் எரியக் கூடாது? எரிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி அதே சிலப்பதிகாரம்தான். கொடி கட்டி நேர்மையாக நடந்த கடைவீதியை முதல் நாள் பார்த்த கோவலன், அதை நம்பித்தானே மறுநாள் சிலம்பை எடுத்துக்கொண்டு வந்தான்? அவன் கண்ணில் பட்டவன் யார்? அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன். அந்த ஒரு ஆள் சொன்ன ஒரு பொய்! அரசன் உயிர் போயிற்று, அரசி உயிர் போயிற்று, ஊரே தீப்பிடித்தது. படையெடுத்து வந்தா மதுரையை எரித்தார்கள்? நகை விற்க வந்தவனுக்கு நியாயம் கிடைக்கவில்லை, அதனால் எரிந்தது. ஒரு ஊரின் உயிர் எங்கே இருக்கிறது என்று இளங்கோவடிகளுக்குத் தெரியும். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒருவரை ஒருவர் நம்புகிற அந்தத் தராசு முனையில் இருக்கிறது. இதைவிட என்ன வரலாறு வேண்டும் உங்களுக்கு? (பலத்த கைதட்டல்)

சகோதரியின் சுங்குடிக்கு வருகிறேன். சுங்குடியை மதுரைக்குக் கொண்டுவந்தவர்கள் சௌராஷ்டிர நெசவாளர்கள். மேற்கே சௌராஷ்டிரத்திலிருந்து கிளம்பி, விஜயநகரம் வழியாகத் தலைமுறை தலைமுறையாக நடந்து, நாயக்கர் காலத்தில் மதுரை வந்து, மகாலைச் சுற்றிக் குடியமர்ந்தவர்கள். துணியை மடித்து, நுனி விரலால் சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே போட்ட முடிச்சுகள். 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்றைக்குக் கடையில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும்தான். தாய்மார்களுக்கு ஒரு குறிப்பு சொல்கிறேன். புள்ளியெல்லாம் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒரே அளவில் நின்றால் அது அச்சு. ஒன்று சற்றுப் பெரிதாக, ஒன்று சற்றுச் சிறிதாக, துணியில் முடிச்சின் சுருக்கம் தெரிய இருந்தால் அது கை. கை போட்ட சேலைக்கு விலை கூடத்தான். அந்த விலையில் பேரம் பேசாதீர்கள் அம்மா. பேரம் பேசுவதற்கு ஊரில் வேறு எவ்வளவோ கடை இருக்கிறது! (சிரிப்பு, கைதட்டல்)

மகாலைச் சொன்னேன். திருமலை நாயக்கர் 1636-இல் கட்டியது. இன்று நாம் பார்ப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, அரண்மனையைப் பிரித்துச் சாமானை எடுத்துப் போனார். எஞ்சியதில் பத்துத் தூண் மட்டும் தனியாக நிற்கிறது. எங்கே நிற்கிறது? ஜவுளிக் கடைகளுக்கு நடுவில், ஒரு சந்தில்! அந்தச் சந்துக்கே பத்துத் தூண் சந்து என்று பெயர். ரவிக்கைத் துணி எடுக்கப் போகிற பெண்கள் அண்ணாந்து பார்த்தால் நாயக்கர் அரண்மனை. ராஜா தலைநகரைத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் போகவில்லை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார்.

அதே ஊரில், மேலமாசி வீதியில், ஒரு மாடி வீடு. 1921 செப்டம்பர் 22. காந்தியடிகள் அந்த வீட்டில்தான் சட்டையையும் தொப்பியையும் விட்டு, இடுப்பில் ஒரு முழத்துண்டோடு வெளியே வந்தார். மற்ற ஊரிலெல்லாம் துணி எடுக்கப் போனவர்கள் உண்டு. துணியைக் குறைக்கத் தீர்மானித்த மகான் தேர்ந்தெடுத்த ஊர், அறுவை வீதிக்குப் பெயர் போன மதுரை! அந்தக் கட்டடத்தில் பிறகு கதர்க் கடை வந்தது. ஊருக்குப் போகும்போது பரிசாக ஒரு கதர்த் துண்டு வாங்கிப் போங்கள். அதோடு வரலாறும் கூட வரும், அதற்குத் தனி விலை கிடையாது.

ஊரின் அமைப்பையே பாருங்கள். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரம். பழைய கோட்டையை 1840-களை ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்கச் செய்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த இடம் மனையாகக் கிடைத்தது. வெளி வீதிகள் அப்படிப் பிறந்தவை. பெருமாள் மேஸ்திரி, மாரட் என்று அந்த வேலையில் இருந்தவர்கள் பெயரில் தெருக்கள் இருக்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குதான் நம் விளக்குத்தூண். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் கலெக்டர் ஞாபகம் யாருக்கு வருகிறது? ஜவுளிக் கடை ஞாபகம்தான் வருகிறது!

மற்றத் தெருப் பெயர்களை ஒரு மூச்சில் சொல்லிப் பாருங்கள். வெண்கலக் கடைத் தெரு, வளையல்காரத் தெரு, வெற்றிலைப் பேட்டை, நெல்பேட்டை, தயிர் மார்க்கெட், சித்திரக்காரத் தெரு, எழுத்தாணிக்காரத் தெரு. எழுத்தாணி என்றால் என்ன என்று கேட்கிற பிள்ளை இன்றைக்கு உண்டு. ஓலையில் எழுதிய கருவி போய்விட்டது. அதைச் செய்து விற்றவனின் தெரு இருக்கிறது. ஒரு தொழில் மறைந்தாலும் அதன் பெயரைக் காப்பாற்றி வைத்திருப்பது எது? கடைத்தெரு!

கடைசியாகப் பரிசுப் பொருள். என் தலைமுறையில் மதுரைக்கு வந்தவர் யாராக இருந்தாலும், ஊருக்குத் திரும்புமுன் புதுமண்டபம் போகாமல் இருந்ததில்லை. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய கல் மண்டபம். நாயக்க மன்னர்களின் சிலைகள் தூண்களில் கைகூப்பி நிற்கும். அவர்கள் தோளுக்குப் பக்கத்தில் பாவாடை சட்டை தொங்கும்! (சிரிப்பு) சொப்புச் சாமான், குங்குமம், வளையல், பித்தளை விளக்கு, பாடப் புத்தகம் எல்லாம் அங்கே. மாணவனாக இருந்தபோது சிலப்பதிகார உரை ஒன்றைப் பாதி விலைக்கு அங்கேதான் வாங்கினேன். இன்றும் அலமாரியில் இருக்கிறது.

அந்த மண்டபத்தின் பெருமை தையல்காரர்கள். வரிசையாகத் தையல் மெஷின். தேருக்குத் தொம்பை, சுவாமிக்குக் குடை, அம்மனுக்கு வஸ்திரம், சித்திரைத் திருவிழாவில் வேண்டுதலுக்காக அழகர் வேடமும் கருப்பசாமி வேடமும் போடுகிறவர்களுக்கு உடை. எல்லாம் அங்கேதான் தைப்பார்கள். தைத்தவர்களில் பலர் யார்? இஸ்லாமியச் சகோதரர்கள். ஒருமுறை ஒரு பாயிடம் பேச்சுக் கொடுத்தேன். “பாய், உங்களுக்கு எப்ப சீசன்?” என்றேன். தலை நிமிராமல் சொன்னார்: “வருஷத்துல ரெண்டு சார். ரம்ஜானுக்குத் துணி எடுப்பேன். அழகருக்குத் துணி தைப்பேன்.” மத நல்லிணக்கம் பற்றி நானும் பல மேடைகளில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். அவர் ரெண்டே வரியில் முடித்துவிட்டு, ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார். (நீண்ட கைதட்டல்)

2018 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு, கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து. அங்கிருந்த கடைகள் எரிந்தன. கல் மண்டபமும் சேதப்பட்டது. அதன் பிறகு கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் புதுமண்டபக் கடைகளும் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. “பார்த்தீர்களா, கடையால் மண்டபத்துக்கு ஆபத்து” என்று எதிரணி சொல்லும். நான் மறுக்கவில்லை. சிற்பத்தின் மேல் ஆணி அடிப்பதை எந்தத் தமிழனும் ஒப்ப மாட்டான். மண்டபத்தைச் சீர்செய்ய வேண்டியதுதான். அலமாரிக்குப் பின்னால் மறைந்து கிடந்த சிலைகளை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டியதுதான்.

ஆனால் நடுவர் அவர்களே, ஒன்று கேட்கிறேன். கல்லைக் காப்பாற்ற ஆட்கள் இருக்கிறார்கள். அறநிலையத் துறை இருக்கிறது, தொல்லியல் துறை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. கோபுரத்தில் ஒரு செடி முளைத்தால் பத்திரிகையில் செய்தி வருகிறது. அந்தத் தையல்காரர் மகன் “எனக்கு இந்தத் தொழில் வேண்டாம் அத்தா” என்று சொன்னால் எந்தப் பத்திரிகையில் செய்தி வரும்? சுங்குடி முடிச்சுப் போடத் தெரிந்த கடைசி ஆயா கண் மூடினால் எந்தத் துறை வந்து சீர்செய்யும்? இடிந்த கோபுரத்தைத் திரும்பக் கட்டலாம். வரைபடம் இருக்கிறது, சிற்பி இருக்கிறார். விரல் நுனியில் இருக்கிற வித்தை போனால் போனதுதான்.

கோயிலை ஒட்டி இருந்த சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. நெரிசல் குறைந்தது, நல்லதுதான். கடை இடம் மாறலாம். நாளங்காடி இருந்த இடத்தில்தான் விற்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கடை மாறின இடத்துக்கு நம் கால் மாறுகிறதா என்பதுதான் என் கவலை. வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் விரலைத் தேய்த்தால் சேலை வருகிறது, செருப்பு வருகிறது, சாப்பாடும் வருகிறது. வரட்டும், அவசரத்துக்கு வேண்டும்தான். ஆனால் “என்னக்கா, போன தீபாவளிக்கு எடுத்த சேலை சாயம் போகலையே?” என்று அந்தக் கைப்பேசி கேட்குமா? பூ முழம் போட்டுவிட்டு, “புள்ளைத்தாச்சியா இருக்கே தாயி, இந்தா” என்று ஒரு கிள்ளு கூட வைத்துக் கொடுக்குமா? அந்தக் கிள்ளுப் பூவுக்குக் கணக்கில் இடம் கிடையாது. இரண்டாயிரம் ஆண்டாக இந்த ஊரைச் சேர்த்துக் கட்டியிருப்பது அதுதான்.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே, மதுரைக்கு வாருங்கள். முதலில் கோபுரத்தைக் கும்பிடுங்கள். அப்புறம் நாலு மணி நேரம் ஒதுக்கிக் கடைத்தெருவுக்குப் போங்கள். கீழமாசி வீதியில் மிளகு வாங்குங்கள். தேடிப் பிடித்து, கை முடிச்சுச் சுங்குடி ஒன்று எடுங்கள். குன்னத்தூர் சத்திரத்தில் உங்கள் புதுமண்டபத்துத் தையல்காரரைக் கண்டுபிடித்துப் பேரப்பிள்ளைக்கு ஒரு சட்டை தைக்கக் கொடுங்கள். திரும்பும்போது 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி இரண்டு முழம். கூட வருகிற பிள்ளைகளிடம் எந்தத் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று சொல்லுங்கள்.

நிலையாமையைப் பாட வந்த மாங்குடி மருதனார், நிலைத்து நிற்கப் போவது எது என்றும் பாட்டிலேயே காட்டிவிட்டுப் போனார். அரசன் போனான், அரண்மனை போயிற்று, கோட்டை போயிற்று. நள்ளிரவில் அப்பக் கூடையோடு தூங்கி விழுந்த அந்தக் கூவியர் மட்டும் விடிந்ததும் எழுந்து, மறுபடியும் அடுப்பை மூட்டிவிட்டார். அந்த அடுப்பு இன்னும் எரிகிறது. அதை அணையாமல் வைத்திருப்பதும் அணைய விடுவதும் வாங்குகிற நம் கையில் இருக்கிறது. மதுரையின் வரலாற்றை நமக்குச் சொல்வது கடைத்தெருவே, கடைத்தெருவே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)